படியிறங்கும் ராஜா

என் மாமா சதுரங்கத்தில் தோற்றதே கிடையாது. அதற்காகப் பெரிய ஆட்டக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆட்டம் சுமார்தான். தோற்காமல் இருப்பதில் கெட்டிக்காரர், அவ்வளவுதான்.

மாமா என்றால் அக்காவின் கணவர். திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். எனக்குப் பூட்டு, கீல், தாழ்ப்பாள் வியாபாரம். கீழே கடை, மாடியில் வீடு. அந்த மாடியில்தான் அக்கா மூன்று வாரமாக இருந்தாள். காரணம் ஒரு பச்சைத் துணி.

மலிவாகக் கிடைக்கிறது என்று மாமா ஒரு பெரிய கட்டுப் பச்சைத் துணி எடுக்கப் போனார். அக்கா விரலை நனைத்துத் துணியில் தேய்த்துப் பார்த்தாள். "சாயம் நிக்காது, வேண்டாம்" என்றாள். மாமா எடுத்துவிட்டார். முதல் திரை ஒரு பல் டாக்டரின் அறைக்குப் போயிற்று. முதல் சலவையிலேயே, கூடப் போட்ட டாக்டரின் வெள்ளைக் கோட்டெல்லாம் கீரை நிறத்துக்கு வந்துவிட்டது. அவர் கடைக்கு வந்து கத்தினார். கடை நிறைய ஆள். மாமா கூசாமல் சொன்னார்: "நான் என்ன சார் பண்றது? இது வீட்டம்மா எடுத்த சரக்கு."

வீட்டம்மா அப்போது இரண்டடி தள்ளி நின்று வேறொருவருக்குத் துணி அளந்துகொண்டிருந்தாள். அளந்தாள், வெட்டினாள், மடித்துக் கொடுத்தாள், பையை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டாள்.

"நான்தான் எடுத்தேன்னு அவர் வாயால சொல்லட்டும். வர்றேன்."

அக்கா சொன்ன விலை அதுதான். மாமா அதற்கு மட்டும் படியவில்லை. மில்லைச் சொன்னார், தண்ணீரைச் சொன்னார், டாக்டர் வீட்டு சோப்பைக்கூடச் சொன்னார். தன்னைச் சொல்ல நாக்கு புரளவில்லை. ஆனால் ஞாயிறு மத்தியானம் ஆனால் பலகையை இடுக்கிக்கொண்டு வந்துவிடுவார். "சும்மாதான் மாப்ள, ஒரு ஆட்டம் போடலாம்னு." கண் என்னவோ உள்ளறைக் கதவின் மேலேயே இருக்கும்.

அவர் தோற்காத ரகசியத்துக்கு வருகிறேன். ஆட்டம் கைவிட்டுப் போகிறது என்று தெரிந்தால் காய்க்குக் காய் வெட்டிக்கொண்டே வருவார். கடைசியில் தன் யானையைக் கொடுத்தாவது என் கடைசிச் சிப்பாயைத் தின்றுவிடுவார். அவருக்கு ஒற்றை ராஜா மிஞ்சும். எனக்கு ராஜாவோடு ஒரு பிஷப், ஒரு குதிரை. கேட்பவர்கள் நான் ஜெயித்துவிட்டேன் என்பார்கள். அங்கேதான் இருக்கிறது வினை. பிஷப் ஒரே நிறக் கட்டத்தில்தான் ஓடும். என்னுடையது வெள்ளைக் கட்டத்துப் பிஷப் என்றால், ராஜாவை வெள்ளை மூலையில்தான் மடக்க முடியும். மாமா நேராகக் கறுப்பு மூலைக்குப் போய் கொட்டாவி விடுவார். அங்கிருந்து கிளப்பி, ஓரமாகவே நடத்தி, அடுத்த மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஐம்பது நகர்த்தலுக்குள் முடியாவிட்டால் டிரா.

வழியில் ஓரிடத்தில் அவர் ராஜா ஓரத்தை விட்டு உள்ளே எட்டிப் பார்க்கும். அதைக் கண்டதும் தப்பிவிடப் போகிறது என்று எனக்கு அவசரம் வந்துவிடும். செக், செக் என்று விரட்டுவேன். ராஜா நடுப்பலகைக்கு வந்து காற்று வாங்கும். கடையிலும் எனக்கு இதே வியாதிதான். வந்தவர் படி இறங்கினால் போதும், "சார், சார், நீங்க ஒரு விலை சொல்லுங்க சார்" என்று தெருவரை ஓடுவேன். அக்கா கல்யாணத்துக்கு முன்னால் இதே கடையில் இருந்தவள். ஒருவரையும் கூப்பிட்டதில்லை. பூட்டைத் துடைத்து டப்பாவில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். போனவர் நாலு கடை ஏறி இறங்கி, வேர்த்து விறுவிறுத்து அவளிடமே திரும்புவார். அந்த நாலு கடையிலும் என்ன விலை சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த ஞாயிறும் வழக்கம்போல மாமா தன் யானையைக் கொடுத்து என் சிப்பாயைத் தின்றுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "டிராதான மாப்ள?"

"எந்திரிடா" என்றது ஒரு குரல். அக்கா என் பின்னால் நின்றிருந்தாள். "உன் மாமாகிட்ட கேளு, மிச்சத்த நான் ஆடலாமான்னு."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க அக்காகிட்ட சொல்லு, தாராளமா ஆடலாம். டிரா ஆச்சுன்னா பைய எடுத்துக்கிட்டு வந்துரணும். பச்சைத் துணிப் பேச்சே கூடாது."

"சரின்னு சொல்லு. மேட் ஆனா?"

"ஆனா... பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்ங்கற வியாபாரமெல்லாம் வேண்டாம்னு சொல்லு. மேட் ஆனா, நான் கேட்ட அந்த ஒரு வார்த்தை."

"ஒன்றரை அடி தள்ளி ஒக்காந்துக்கிட்டு என்னை ஏன் டெலிபோன் ஆக்குறீங்க?" என்றேன்.

"நீ சும்மா இரு" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். மூன்று வாரத்தில் இருவருக்கும் ஒத்துப்போனது அந்த ஒன்றுதான்.

நான் ஐம்பது ஸ்குரூவை மேசையில் கொட்டினேன். அக்கா ஒரு காய் நகர்த்தினால் ஒரு ஸ்குரூ டப்பாவுக்குள் போகும். மேசை காலியானால் டிரா.

மாமா கறுப்பு மூலைக்குப் போனார். அக்கா அவசரப்படாமல் ராஜாவை முன்னால் நடத்தி, குதிரையைப் பக்கத்தில் கொண்டுவந்து, அவரை அங்கிருந்து கிளப்பினாள். சரி, இந்த மட்டும் நானும் வருவேன். அடுத்தது அந்த இடம். வாசலில் காவல் நின்ற குதிரையை அவளே எடுத்து நடுவில் வைத்தாள். மாமாவின் ராஜா ஓரமாக ஓடியது, பிறகு ஒரு கட்டம் உள்ளே இறங்கியது.

"மாப்ள, கதவு தொறந்திருக்கு" என்றார் மாமா. மீசை சிரித்தது.

"அக்கா, ராஜா போறான்! செக் வை! கூப்பிடு அவன!"

"போகட்டும் விடு" என்றாள். குதிரையை ஓசையில்லாமல் ராஜாவின் பக்கத்திலேயே வைத்தாள். ராஜா இன்னும் ஒரு கட்டம் விலகியது. அக்கா பிஷப்பை எடுத்துச் சம்பந்தமே இல்லாத மாதிரி எங்கோ தூரத்தில் வைத்தாள். மேசையில் ஸ்குரூ பாதிக்கு மேல் காணோம்.

மாமா ராஜாவைத் தூக்கினார். ஒரு கட்டத்துக்கு நேரே கொண்டுபோனார். அங்கே குதிரை காத்திருந்தது. இன்னொரு கட்டம், அங்கே அந்தத் தூரத்துப் பிஷப். வேறொன்று, அங்கே அக்காவின் ராஜா. அந்தரத்தில் தொங்கிய கை மெல்ல இறங்கியது. ஏறி இறங்கிப் பார்க்க ஒரு கடையும் மிச்சமில்லை. ஒரு கட்டம் ஒதுங்கினார், பிறகு ஓரத்துக்கே திரும்பினார். இந்தத் தடவை ஓரம் முடிந்த இடத்தில் வெள்ளை மூலை இருந்தது.

கடைசியில் குதிரை ஒரு செக் வைத்தது. மாமா தன் கையாலேயே ராஜாவை மூலையில் கொண்டுபோய் வைத்தார். இனி பிஷப் ஒரே ஒரு தடவை நகர்ந்தால் மேட். ஸ்குரூவும் மீதி இருந்தது.

அக்கா நகர்த்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வைக்கச் சொல்லு மாப்ள."

"அவசரமில்லன்னு சொல்லு."

கீழே தெருவில் ஒரு தள்ளுவண்டி போயிற்று. அதன் சத்தம் முழுதும் தேய்ந்த பிறகு மாமா மூலையில் நின்ற ராஜாவைப் பார்த்துச் சொன்னார்: "நான்தான் எடுத்தேன்."

"யார்கிட்ட சொல்றார்னு கேளு. என் பேர வித்தது டாக்டர்கிட்ட. அங்க சொல்லச் சொல்லு."

மாமா செல்போனை எடுத்தார். நம்பரைத் தேட அரை யுகம் ஆக்கினார். ஸ்பீக்கரில் டாக்டர் குரல் கேட்டது.

"டாக்டர், திரைச்சீலைக் கடை. அன்னிக்கு அந்தப் பச்சைத் துணி... என் வீட்டம்மா எடுக்கல. வேண்டாம்னு சொன்னா. நான்தான் கேக்காம எடுத்தேன்."

"அட, அதுக்கா ஞாயித்துக்கிழமை கூப்பிடறீங்க? அதான் அவங்களே புதன்கிழமை வந்து வேற திரை மாட்டிட்டுப் போயிட்டாங்களே. நீங்க ரொம்ப வருத்தப்பட்டு அனுப்பினதா சொன்னாங்க."

மாமா போனை வைத்தார். முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் காதுக்குப் போய்விட்டது. இப்போது என்னைப் பார்க்கவில்லை. நேராக அக்காவைப் பார்த்தார்.

"ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?" இது எனக்கு வந்த சேதி இல்லை என்று எனக்கே புரிந்தது. நான் டெலிபோன் உத்தியோகத்திலிருந்து விடுதலை.

"இந்த ஆட்டம் எப்பக் கத்துக்கிட்ட?"

"இவன் தப்பா ஆடினத மூணு வாரம் கதவிடுக்குல பாத்தேன். தூக்கம் வராதப்ப அடுக்கி அடுக்கிப் பாத்தேன்."

மாமா மூக்கை உறிஞ்சினார். கையை நீட்டி, அவளுடைய பிஷப்பைத் தானே மேட் வைக்கப் போனார். அக்கா பட்டென்று அந்தக் கையில் ஒரு அடி போட்டாள்.

"என் காய்."

அவளே வைத்தாள். "செக்மேட்" என்று சொல்லவும் செய்தாள். அதை விட்டுக்கொடுக்க அவள் என்ன, நானா?

பையை மாமா தூக்கிக்கொண்டார். இருவரும் படி இறங்கினார்கள். டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு ஸ்குரூக்களை அள்ளினேன். கீழ்ப்படியில் மாமாவின் குரல் கேட்டது.

"மிச்சம் கெடக்கற பச்சைத் துணிய என்னதான் பண்றது?"

"எடுத்தவரக் கேளுங்க."

"நான்தான். சொல்லு, என்ன பண்ணலாம்?"