நாற்பத்தைந்தில் நின்ற முள்

ஹுவைஷிலின் வாய்க்குப் பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. மய்யாஸா நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடியதை அவன் விடிகாலையில் பார்த்தான். நடுப்பகல் தொழுகைக்குள் மின்தரிப் என்ற அந்தப் பாலைவன ஊரின் கடைத்தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. மறுநாள் கத்தாரிலிருந்தே போன் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் ஆள் வருகிறதாம், கண்ணால் பார்த்துப் பிடித்துவிட்டால் கையோடு ஒட்டகத்தை ஏற்றிக்கொண்டு போகிறதாம்.

மய்யாஸா மூன்று வயதுப் பந்தய ஒட்டகம். அண்ணன் ஹுவைஷில், தங்கை நஸ்ரா இருவருக்கும் பொதுச் சொத்து என்று பெயர். ஆனால் ஈன்ற வாரமே தாய் செத்துப்போன குட்டியைப் புட்டிப்பால் ஊட்டி, குளிருக்குத் தன் கம்பளியைப் போர்த்தி வளர்த்தவள் நஸ்ராதான். அது கத்தாருக்குப் போனால் திரும்பி வராது. அதை விற்க அவளுக்கு மனசே இல்லை.

ஆனால் நஸ்ராவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு சந்தேகம் உள்ளே புகுந்துவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. மோட்டார் ஏன் தண்ணீர் இறைக்கவில்லை என்று பார்க்கப்போய் அதைக் கழற்றிப் பாய் முழுக்கப் பரப்பி வைத்தவள் அவள். இப்போது புகுந்த சந்தேகம் இதுதான்: போன மாதம் வரைக்கும் அதே மய்யாஸா, அதே சரளை வெளியில், அதே ஜீப்பின் பக்கத்தில் முப்பத்தேழைத் தாண்டியதில்லை. நடுவில் என்ன நடந்தது?

ஹுவைஷிலைக் கேட்டால் தேன், பசுநெய், பேரீச்சம்பழம் என்று தீவனத்தின் பெருமையை அளப்பான். நஸ்ராவுக்குத் தெரிந்து நடுவில் நடந்தது ஒன்றுதான். ஜீப்பின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மணல்மேட்டில் ஏறும்போது தீய்ந்துபோய்விட்டது. ஷார்ஜா காயலான் கடையிலிருந்து கிளட்ச் போட்டு ஓட்டுகிற பழைய கியர்பாக்ஸ் ஒன்றை லாரியில் வரவழைத்து, சர்வர் கான் பட்டறையில் மாட்டினார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் பூஜ்யத்தை விட்டு எழவே இல்லை. கியர்பாக்ஸின் விலாவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும். அது சுற்றினால்தான் முள்ளுக்குப் போகும் கேபிள் சுற்றும். காயலான் கடைக்காரன் அதைக் கழற்றிக்கொண்டு பாக்ஸை மட்டும் அனுப்பியிருந்தான். சர்வர் கான் தன் டின்னைத் துழாவி ஏதோ ஒன்றை எடுத்துப் போட்டான். முள் எழுந்தது. அடுத்த நாள்தான் மய்யாஸா நாற்பத்தைந்தில் ஓடியது.

அந்தச் சந்தேகத்தோடு நஸ்ரா புல்கட்டு வாங்கப் பக்கத்து ஊரான இப்ராவுக்கு ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனாள். பாதி வழியில் டிங், டிங், டிங் என்று மணி அடிக்க ஆரம்பித்தது. நூற்றிருபதைத் தாண்டினால் இந்தப் பக்கத்து வண்டிகள் எல்லாம் அப்படித்தான் கத்தும். முள்ளும் நூற்றிருபதுக்கு மேல் நின்றது. அப்போது பின்னாலிருந்து ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்து, சாவகாசமாக அவளைத் தாண்டிக்கொண்டு போயிற்று. மணியோ அவள் பறக்கிறாள் என்கிறது, லாரிக்காரனோ ஓரமாகப் போ என்கிறான். நஸ்ரா தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் சொன்னாள்.

“அண்ணே, முள்ளு பொய் சொல்லுது.”

“எந்த முள்ளு?”

“வண்டி முள்ளுதான். நூத்தியிருபதுன்னு மணி அடிக்குது, தண்ணி லாரி என்னைத் தாண்டிப் போகுது!”

“காலி டேங்கோட போயிருப்பான்.”

“காலி டேங்குன்னா லாரிக்கு இறக்கை முளைச்சிருமா?”

ஹுவைஷில் காபிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். “இங்க பாரு புள்ள. மய்யாஸா போறது உனக்குப் பொறுக்கல. அதை நேரா சொல்லிட்டு அழு. முள்ளு மேல ஏன் பழியப் போடுற?”

பாதி உண்மை என்பதால் அது சுருக்கென்று தைத்தது. நஸ்ரா எழுந்து நேராகப் பட்டறைக்குப் போனாள். சர்வர் கான் பெஷாவர்க்காரன், ஊருக்கு வந்து தாடி நரைத்துவிட்டது, வேலையில் மட்டும் அவசரம் குறையவில்லை.

“உஸ்தாத், நீங்க போட்ட சக்கரத்துக்கு எத்தனை பல்லு?”

“யாரு எண்ணுனா? உள்ள போச்சு, சுத்துச்சு. முள்ளு தூங்குது, எழுப்புன்னார் உங்க அண்ணன். எழுப்பிட்டேன்.”

“எழுப்புனது சரி. இப்ப அது தலைதெறிக்க ஓடுதே!”

“அப்ப பல்லு குறைச்சலா இருக்கும். பல்லு குறைஞ்சா சக்கரம் வேகமா சுத்தும், முள்ளு உசரப் போகும்.” வண்டிக்கு அடியில் இருந்தபடியே காலால் ஒரு பால்பவுடர் டின்னைத் தள்ளிவிட்டான். “இந்தா, டின்னையே எடுத்துட்டுப் போ தங்கச்சி. எது சரின்னு நீயே பாரு. எனக்கு இன்னைக்கு மூணு என்ஜின் கிடக்கு.”

டின் நிறையச் சுண்டுவிரல் நீளத்துக்குச் சக்கரங்கள்: வெள்ளை, சிவப்பு, நீலம், பச்சை. நஸ்ராவுக்கு நகைக்கடைக்குள் நுழைந்தது போல் இருந்தது. சூர் சாலையில் கிலோமீட்டர் கல் நட்டிருக்கிறார்கள். கல் பொய் சொல்லாது. முதலில் இருந்தபடியே ஓட்டிப் பார்த்தாள். கல்லுக்குக் கல் பத்து கிலோமீட்டர் போனதற்கு மீட்டர் பன்னிரண்டுக்கு மேல் ஓடியிருந்தது. ஓரமாக நிறுத்தி, வண்டிக்கு அடியில் படுத்து, ஒரே ஒரு போல்டைக் கழற்றிச் சக்கரத்தை வெளியே இழுத்தாள். எண்ணெய் சொட்டி முழங்கை வரை வழிந்தது. சிவப்பைப் போட்டாள், அதே பத்துக்கு மீட்டர் ஒன்பதுதான் காட்டியது. பல் கூடிப்போயிற்று. நீலத்தைப் போட்டாள். பத்தாவது கல்லருகே மீட்டரில் பத்து வந்து நின்றதும், ஆளில்லாத சாலையில் கை தட்டினாள்.

கை தட்டிய பிறகுதான் அதன் பொருள் உறைத்தது. இந்த முள்ளில் மய்யாஸாவின் வேகம் பழையபடி முப்பத்தேழுதான். கத்தார்க்காரன் காபியைக் குடித்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவான். மய்யாஸா வீட்டிலேயே இருக்கும். அண்ணனிடம் அவள் மூச்சு விடவில்லை. முதல் தடவை சொன்னபோது கேட்காதவனுக்கு இரண்டாம் தடவை எதற்கு என்று தனக்குத்தானே நியாயம் வேறு சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கத்தார்க்காரர் அபூ நாயிஃப் வந்து இறங்கினார். பெருத்த உடம்பு, ஊது அத்தர் வாசனை, அளந்து பேசும் பேச்சு. ஜீப்பின் பின்சீட்டில் ஏறி, முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டார். ஹுவைஷில் ஓட்டினான். நஸ்ரா அவன் பக்கத்தில், ஜன்னல் ஓரம். வெளியே மய்யாஸா, முதுகில் ரிமோட்டில் சாட்டை சுழற்றும் பொம்மை ஜாக்கியோடு. அந்தச் சாட்டைக்கு இதுவரை வேலை வந்ததில்லை. குட்டியாக இருந்த நாளிலிருந்தே அது நஸ்ராவின் ஜன்னலை ஒட்டித்தான் ஓடும். அவள் குரல் எங்கே போகிறதோ அதுவும் அங்கே போகும்.

வண்டி கிளம்பியது. முள் முப்பது, முப்பத்தைந்து, முப்பத்தேழு என்று ஏறியது. மய்யாஸா சிரமமே இல்லாமல் கூடவே வந்தது. அண்ணன் முகம் தொங்கப்போவதைப் பார்க்க நஸ்ரா ஓரக்கண்ணால் காத்திருந்தாள்.

முகம் தொங்கவில்லை. அவன் ஒட்டகத்தைப் பார்க்கவே இல்லை, முள்ளைப் பார்த்தான். நாற்பத்தைந்தைப் பார்த்த நாளிலிருந்து செய்தது போல, முள் நாற்பத்தைந்துக்கு வரும்வரை மிதித்துக்கொண்டே இருந்தான். என்ஜின் என்றைக்கும் இல்லாத சத்தம் போட்டது. தேனின் பெருமையை அபூ நாயிஃபுக்கு விளக்கிக்கொண்டிருந்தவன் காதில் அது எங்கே விழப்போகிறது? நஸ்ராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மய்யாஸாவின் வேகம் என்று அவர்கள் இதுவரை பார்த்ததெல்லாம் ஜீப்பின் வேகம். அதற்கு மேல் ஓடு என்று யாரும் அதைக் கேட்டதே இல்லை.

நாற்பது. மய்யாஸா ஒரு கழுத்து பின்தங்கியது. நாற்பத்திரண்டு. பாதி உடம்பு பின்தங்கிவிட்டது. ஓடியபடியே ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தது, காது இரண்டும் விறைத்து நின்றன.

“கூப்பிடு! ஏன் ஊமையாட்டம் உக்காந்திருக்க?” என்று ஹுவைஷில் கத்தினான்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அண்ணன் தலைகுனிவான், குனியட்டும், ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவன்தானே. ஆனால் முள் நாற்பத்தைந்தைத் தொட்டது. இது மெய்யான நாற்பத்தைந்து. வண்டிக்குள் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மய்யாஸாவால் முடியுமா? ஒரு வாரமாகச் சோறு இறங்கவிடாத அந்த அரிப்பு மறுபடி கிளம்பிவிட்டது. பின்னால் அந்தப் பெரிய கண்கள் அவளையே தேடிக்கொண்டு வந்தன.

நஸ்ரா இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே சாய்ந்தாள். “ஹோ மய்யா! ஹோ, ஹோ, எங்கண்ணு!”

மய்யாஸா கழுத்தைத் தாழ்த்தியது. சரளைக் கற்கள் தெறித்து ஜீப்பின் தகரத்தில் அடித்தன. பாதி உடம்பு மீண்டது, கழுத்து மீண்டது, சுடச்சுட மூச்சு நஸ்ராவின் முழங்கையில் பட்டது. நாற்பத்தாறு. நஸ்ரா கத்திக்கொண்டே இருந்தாள், அதுவும் அவளை விடாமல் கூடவே வந்தது. சரளை தீர்ந்து மணல் தொடங்கும் இடத்தில் ஹுவைஷில்தான் காலை எடுத்தான்.

அபூ நாயிஃப் மெல்ல இறங்கி, சட்டைப்பையிலிருந்து செயற்கைக்கோளைக் கேட்டு வேகம் சொல்லும் கைக்கருவி ஒன்றை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனார்.

“நாப்பத்தாறு,” என்றார். “வண்டி முள்ள நம்பி நான் ஒட்டகம் வாங்குறதில்ல தம்பி. எல்லார் முள்ளும் பொய்தான் சொல்லும், நானும் பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போயிருவேன். உங்க முள்ளுதான் முதல்முறையா உண்மை சொல்லியிருக்கு. மாஷா அல்லாஹ்! லாரிக்காரன வரச்சொல்லு.”

“கேளுங்க, இவகிட்டயே கேளுங்க!” ஹுவைஷிலுக்குத் தரையில் கால் பாவவில்லை. “முள்ளு பொய்யி, முள்ளு பொய்யின்னு என்னைப் பிடுங்கி எடுத்தவ இவதான்!”

அந்தச் சக்கரத்தை அவள் தொடாமல் விட்டிருந்தால், கருவி முப்பத்தேழு என்றிருக்கும். கத்தார்க்காரர் வெறும் லாரியோடு திரும்பியிருப்பார். நஸ்ரா இறங்கிப் போய் மய்யாஸாவின் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அண்ணன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். அவள் முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

“அண்ணே, இன்னும் கொஞ்சம் மிதிச்சிருந்தா அம்பது போயிருப்பாளோ?”