நீளச் சங்கு

கொல்டோ வாயைத் திறக்க மறுத்தான்.

கப்பல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. ஸ்பெயினில் குண்டுவீச்சுக்குத் தப்பி, பில்பாவோ நகரத்திலிருந்து வந்த பிள்ளைகள் மேல்தளத்தில் வரிசையாக நின்றார்கள். ஆங்கிலேய டாக்டர் ஒருவர் ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொண்டையையும் பார்த்துவிட்டுச் சைகை காட்ட, நர்ஸ் மணிக்கட்டில் நாடா கட்டினாள். வெள்ளை நாடா என்றால் முகாம். நீல நாடா என்றால் ஆஸ்பத்திரி. அந்த ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

எடுர்னேயின் கையில் வெள்ளை நாடா ஏறிவிட்டது. அடுத்து அவள் தம்பி கொல்டோ. ஆறு வயது. அவன் முறை வந்த நேரம் பார்த்து வானத்தில் ஒரு விமானம் வந்தது.

தளம் முழுக்கப் பிள்ளைகள் சட்டென்று குனிந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு கழுத்திலும் கயிற்றில் ஒரு சின்ன மரக்குச்சி தொங்கியது. அத்தனை குச்சிகளும் பல்லிடுக்குக்குப் போயின. குண்டு விழும்போது வாய் மூடியிருந்தால் காது கிழிந்துவிடும் என்பது பில்பாவோவில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும்.

படம் பிடிக்க வந்த பத்திரிகைக்காரர்களின் விமானம்தான் என்று, பிள்ளைகளோடு கூட வந்த இட்சியார் டீச்சர் வரிசை நெடுகச் சொல்லிக்கொண்டு போனாள். ஒருவரும் எழவில்லை. சொன்ன டீச்சரும் ஒரு கண்ணால் மேலே பார்த்துக்கொண்டுதான் நடந்தாள்.

கொல்டோவுக்கு இடது காது கேட்காது. குளிர்காலத்தில் ஒரு நாள் விமானங்கள் போய்விட்டன என்று நினைத்து, ரொட்டி கேட்பதற்காகக் குச்சியை எடுத்தான். இரண்டாவது விமானக் கூட்டம் வந்து குண்டு போட்டது. காதிலிருந்து ரத்தம் வழிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா ஃபெலிசா தெருத் தெருவாக ஓடினாள். கப்பலேற்றும்போதும் அவள் அழவில்லை, கட்டளைதான் போட்டாள்.

"நீளச் சங்கு ஊதுற வரைக்கும் குச்சியை எடுக்கக் கூடாது. அக்கா கையை விடக் கூடாது. விட்டீங்கன்னா நான் உங்களை எங்கேன்னு வந்து தேடுவேன்?"

ஆபத்து நீங்கியதும் பில்பாவோவின் ஆலைகள் ஊதும் சங்கு அது. ஒரே மூச்சாக நீளமாக ஊதும். இங்கே அதை ஊத யார் இருக்கிறார்கள்?

டாக்டர் குனிந்து கொல்டோவின் தாடையைத் தொட்டார். அவன் இன்னும் இறுகக் கடித்தான். டீச்சர் கெஞ்சிப் பார்த்தாள். தொண்டையைப் பார்க்காமல் ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு முகாமில் விட முடியாது என்றார் டாக்டர். நியாயம்தான். நர்ஸ் நீல நாடாவை எடுத்தாள்.

எடுர்னே தன் வாயிலிருந்த குச்சியை எடுத்தாள். கைகளைக் குவித்து, தானே சங்குபோல ஊதினாள். கொல்டோ தலையை ஆட்டினான். அக்காவின் குரல் அவனுக்குத் தெரியாதா?

பின்னால் சோமின் குந்தியிருந்தான். பயணம் முழுக்க இவர்களைக் கிண்டல் செய்தே பொழுதைப் போக்கியவன். ஊரில் வாயாலேயே ஆலைச் சங்கு மாதிரி ஊதித் தெருவைக் கலங்கடித்து, பெண்களிடம் விளக்குமாற்றால் அடி வாங்கியவன்.

"சோமின், நீளச் சங்கு ஊதுடா."

அவன் குச்சியைத் துப்பினான். "ஊதுனா உதைப்பீங்க, இப்போ ஊதச் சொல்றியா? அது இன்னும் மேலேதான் சுத்துது, பாரு."

"அவனைக் கொண்டுபோயிடுவாங்கடா. ஊது."

சோமின் ஊதினான். அசல் ஆலைச் சங்கு. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, ஏறி, நிலைத்து, தளத்தின் மறுகோடி வரை போயிற்று.

கொல்டோ குச்சியை எடுத்தான். வாயைத் திறந்தான். டாக்டர் பார்த்தார், தலையசைத்தார். நீல நாடா பெட்டிக்குள் போயிற்று. வெள்ளை நாடா வந்தது.

எடுர்னே திரும்பியபோதுதான் கண்டாள். தளம் முழுக்கப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். குச்சிகள் நெஞ்சில் தொங்கின. சிலர் சிரித்துப் பேசக்கூடத் தொடங்கியிருந்தார்கள். எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

விமானம் வட்டமடித்து, முன்னைவிடத் தாழ்வாகத் திரும்பி வந்தது.

கத்த நினைத்தாள். டீச்சர் சொன்னது பொய்யாக இருந்தால்? கொடிக்கம்பத்தைத் தொடுவதுபோல் அது நெருங்கியது. நிழல் பிள்ளைகளின் முகங்கள்மேல் ஓடியது. கொல்டோவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது விமானத்திலிருந்து யாரோ கையசைத்துக்கொண்டு போனார்கள். பதிலுக்கு ஒரு பிள்ளையும் கையசைக்கவில்லை.

கொல்டோ அவள் பிடியிலிருந்து முகத்தை எடுத்து, சோமினைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். குச்சி மறுபடி பல்லிடுக்கில் ஏறியது.

இறங்கும் நேரம் கப்பலின் சங்கு நிஜமாகவே நீளமாக ஊதியது. பிள்ளைகள் குச்சிகளை எடுத்தார்கள். கொல்டோ மட்டும் எடுக்கவில்லை. எடு என்று எடுர்னே சொல்லவும் இல்லை. தன் குச்சியையும் கடித்துக்கொண்டு, வெள்ளை நாடா கட்டிய அவன் கையை இறுகப் பிடித்தபடி படியிறங்கினாள்.