முன்னால் எழுதிய பெயர்

ரோனெலின் தங்கை யோலெத், அண்ணனுக்காகத் தேய்த்து எடுத்துவந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு சிறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நான். ஒரு ஆட்டைத் திருடியதாகப் புகார். அதற்கு விசாரணையே இல்லாமல் நான்கு வருடம் உள்ளே கிடந்தான் ரோனெல். ஆட்டுக்காரன்கூடச் செத்துப்போய்விட்டான். நடையாய் நடந்து நீதிபதியிடம் விடுதலை உத்தரவு வாங்கியிருந்தேன்.

கதவு திறந்தது. எலும்பும் தோலுமாக ஒருவன் வெளியே வந்தான். வெயிலில் கண் கூச எங்களைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், ஓட்டமும் நடையுமாகச் சந்தைப் பக்கம் போய்விட்டான்.

"இது யாரு அக்கா?" என்றாள் யோலெத்.

"தெரியல. உங்க அண்ணன் அடுத்து வருவான்."

கதவை மூடிவிட்டார்கள்.

ஹைட்டியில் எங்களுக்கு இது ஒரு சாபக்கேடு. பாதிப் பேருக்குக் குடும்பப் பெயரும் ஆள் பெயர் மாதிரியே இருக்கும். வீட்டில் அதைப் பின்னால் சொல்வோம், பள்ளிக்கூடத்தில் முன்னால் எழுதுவோம். கன்னியாஸ்திரிகள் பிரம்பை வைத்துச் சொல்லிக்கொடுத்த பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. ரோனெல் ஃபெலிக்ஸ் என்று எழுதவேண்டிய மனுவில் ஃபெலிக்ஸ் ரோனெல் என்று எழுதியிருந்தேன். நீதிபதி அதைப் பார்த்து அப்படியே உத்தரவு போட்டார். அதே அறையில், அறுபது பேருக்கு நடுவில், ஃபெலிக்ஸ் ரோனெல் என்று நிஜமாகவே ஒருவன் இருந்தான். வார்டர் கூப்பிட்டான், அவன் போனான். மனித உரிமை அலுவலகத்தில் எனக்குப் பன்னிரண்டு வருட வேலை. போலீஸ் செய்த தவறுகளைப் பட்டியல் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

சிறை எழுத்தர் பதிவேட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஃபெலிக்ஸ் ரோனெல், விடுதலை. கையெழுத்து, முத்திரை எல்லாம் சுத்தமா இருக்கு. மனு உங்க கையெழுத்துதானே மேடம்? அழகா இருக்கு."

நீதிபதியிடம் ஓடினேன். அவர் விசிறிக்கொண்டே கேட்டார்.

"ரோனெல் வழக்கை முடிச்சாச்சும்மா. முடிச்ச வழக்குல நான் எப்படி இன்னொரு கையெழுத்துப் போடுவேன்? போனவனைக் கொண்டு வாங்க. அவனை உள்ள வச்சுட்டு, தப்பைத் திருத்திட்டு, இவனை விட்டுடறேன். ஒரு காலைப்பொழுது வேலைதான்."

"போனவன் மேல என்ன வழக்கு?"

தேடச் சொன்னார். கோப்பே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் தெருவில் ஒரு கலாட்டா. அகப்பட்டவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனதில் அவனும் ஒருவன்.

"கோப்பே இல்லாம எப்படி ஐயா உள்ள வைப்பீங்க?"

"இத்தனை நாள் வச்சிருந்தோமே," என்றார்.

மறுநாள் ரோனெலைப் பார்க்க விட்டார்கள். இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து கம்பிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தார்கள். கால்கள் முழங்கால்வரை வீங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். உள்ளே ஒரு வேளைக்கு ஒரு கரண்டி சோளக்களி. யோலெத் கொண்டுவரும் சோற்றிலும் சிவப்புப் பயறிலும் பாதி வாசலிலேயே காணாமல் போகும். இந்த வீக்கம் நெஞ்சுக்கு ஏறினால் முடிந்தது, மாதம் ஒன்றுகூடத் தாங்காது என்று சிறை நர்ஸ் என் காதில் சொல்லிவிட்டாள்.

நடந்ததைச் சொன்னேன். என் தவறு என்றும் சொன்னேன்.

"கூப்பிட்டப்ப நான்தான்னு நினைச்சு எழுந்திரிக்கப் பாத்தேன். காலை ஊன்ற முடியல," என்றான். "திரும்பிப் பாத்தா அவன் கதவுகிட்ட நிக்கிறான்."

"நீதிபதி அவனைப் பிடிச்சுட்டு வரச் சொல்றாரு."

"பிடிச்சுட்டு வாங்க." என் கண்ணையே பார்த்தான். "பாவம்தான். ஆனா நான் நல்லவன் இல்ல மேடம். எனக்கு வெளிய வரணும்."

வெளியே போன ஃபெலிக்ஸின் வீடு மலைமேல் என்று ரோனெலே சொன்னான். இரண்டு மணி நேரம் மோட்டார்சைக்கிளில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தேன். கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. திரும்பி வந்தவனைப் பார்க்க ஊரே அங்கேதான் இருந்தது. அவன் சுட்ட ஈரப்பலாக்காயைத் தின்றுகொண்டிருந்தான். அவன் மனைவி என்னைக் கண்டதும் வாசலை மறித்துக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க?" என்றான் அவளுக்குப் பின்னாலிருந்து. "கூப்பிட்டது என் பேரு. நான் யாரையும் ஏமாத்தல."

"தெரியும்."

"மூணு வருஷம். நீ என்ன செஞ்சேன்னு ஒரு ஆள் கேக்கல. நீங்களும் இப்ப கேக்கல." கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தான். "ரோனெல் எப்படி இருக்கான்? படுக்க இடம் இல்லாம முறைவச்சுப் படுப்போம். வீங்கின காலை என் மடியிலதான் வச்சுப்பான்."

மோட்டார்சைக்கிள் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"இங்க இருக்காதீங்க," என்றேன். "வேற ஊருக்குப் போயிடுங்க. நான் உங்களைப் பாக்கல."

ஒருவனைக்கூட நான் உள்ளே அனுப்பியதில்லை. எனக்கு அது பெரிய பெருமை. அந்தப் பெருமைக்காக யார் உயிர் போகப்போகிறது என்று தெரிந்தேதான் மலையை விட்டு இறங்கினேன்.

புது மனு எழுதினேன், இந்தமுறை பெயரை மூன்று தடவை சரிபார்த்து. மாத்திரை வாங்கிக் கொடுத்தனுப்பினேன். தலைநகருக்கு எழுதினேன், வானொலியில் பேசினேன். அந்த வாரமே நீதிமன்ற ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மனு பூட்டிய அறைக்குள் கிடந்தது. இருபத்து மூன்றாம் நாள் காலை ரோனெல் செத்துப்போனான்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபிறகு யோலெத் என்னிடம் வந்தாள். கல்லறைச் சுவரோரம் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தேன்.

"அந்த ஆளைத் தேடிப் போனீங்கன்னு சொன்னாங்க. கிடைச்சானாக்கா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தேடினேன். கிடைக்கல."

அவள் என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"அண்ணனுக்காக இவ்வளவு அலைஞ்சது நீங்க ஒருத்திதான்க்கா," என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.