சலூன் வாசல் வரை

நான்கு வருடமாக டைவிங் கிளப்பில் அவளுக்கு இரண்டு பெயர். நேரில் பார்த்தால் டிரைவரம்மா, முதுகுக்குப் பின்னால் துருத்தி. டவுன் பஸ் ஓட்டுகிறவளுக்குப் பின்னால் பேசுவது காதில் விழாதா என்ன, நன்றாகவே விழுந்தது. ஆனால் கோபப்பட வழியில்லை, சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு சிலிண்டர் காற்றை வைத்து மற்றவர்கள் முக்கால் மணி நேரம் தண்ணீருக்குள் குடும்பமே நடத்துவார்கள். இவள் இருபது நிமிடத்தில் ஊதித் தீர்த்துவிட்டு முழித்துக்கொண்டு நிற்பாள்.

அவள் மட்டும் மேலே போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. கிளப்பின் சட்டம் அப்படி. ஜோடியாக இறங்கவேண்டும், ஜோடியாக ஏறவேண்டும். சிலிண்டரில் மீதமுள்ள காற்றைக் காட்டும் முள் இருநூறில் தொடங்கும். ஜோடியில் யாருடைய முள் முதலில் எழுபதைத் தொடுகிறதோ, அவர் கட்டை விரலை மேலே காட்டவேண்டும். காட்டினால் மறுபேச்சு கிடையாது, இரண்டு பேரும் மேலே கிளம்பிவிட வேண்டியதுதான்.

இதில் வருடத்துக்கு ஒருமுறை வரும் தீவுப் பயணம்தான் அவளுக்குப் பெரிய சோதனை. படகில் பதினான்கு மணி நேரம். போய்ச் சேர்ந்தால் கடை இல்லை, துறை இல்லை, போனில் சிக்னல் இல்லை, பாறையும் பறவையும்தான். இருந்தும் அத்தனை பேரும் லீவு போட்டுவிட்டு ஓடுவது ஒரே ஒரு இடத்துக்காக. தீவின் கிழக்குப் பக்கம் தண்ணீருக்கடியில் ஒரு பாறை மேடு. அங்கே ஆனைத்திருக்கை மீன்கள் வரும். இறக்கையை விரித்தால் அவள் ஓட்டும் பஸ்ஸின் அகலம் போதாது. அவ்வளவு பெரிய ஜீவன்கள் அசையாமல் நின்று, விரல் நீளக் குட்டி மீன்களிடம் உடம்பைக் காட்டி அழுக்கெடுத்துக்கொள்ளும். ஒன்று முடித்து நகர்ந்தால்தான் அடுத்தது வரும். கிளப்பில் அந்த இடத்துக்குப் பெயரே சலூன்.

இறங்கும் இடத்திலிருந்து சலூனுக்கு இருபத்தைந்து நிமிட நீச்சல். துருத்தி அங்கே போய்ச் சேர்ந்ததே இல்லை என்று தனியாகச் சொல்லவேண்டுமா? போன வருடம் அவளுக்கு வாய்த்த ஜோடி கிளப் தலைவர், பல் டாக்டர். பதினெட்டாவது நிமிடத்தில் அவரை மேலே இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மனுஷர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஊரில் உள்ளவர்களையெல்லாம் வாயைத் திற என்கிறவர், மத்தியானச் சாப்பாடு வரை வாயே திறக்கவில்லை.

அன்றைக்கே அவள் மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தாள். வருடம் முழுக்க, சிவப்பு சிக்னல் விழுந்தால் போதும், ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு நாலு எண்ணி மூச்சை இழுப்பாள், எட்டு எண்ணி விடுவாள். ஒரு நாள் ஆறு எண்ணும்போதே பச்சை விழுந்துவிட்டது. பாதியில் விட மனசு வராமல் ஏழு, எட்டு என்று முடித்தாள். பின்னால் அத்தனை வண்டியும் ஒன்றாக ஹாரன் அடித்தது.

"டிரைவரம்மா, தூங்கிட்டீங்களா?" என்றார் முன் சீட்டில் இருந்தவர்.

"மூச்சு விட்டுட்டு இருந்தேங்க" என்று உள்ளதைச் சொன்னாள். அதற்கப்புறம் அவர் முன் சீட்டில் உட்காரவில்லை.

இந்த வருடம் ஜோடி சேர்க்கப் படகில் சீட்டுக் குலுக்கினார்கள். அவள் எடுத்த சீட்டில் நாத்தனார் பெயர் வந்தது. மருந்துக் கடை வைத்திருக்கும் நாத்தனார்தான் அவளை இந்தக் கிளப்புக்கே இழுத்துவந்தவள். போன இரண்டு தடவையும் ஜோடிக்குக் காது வலி, ஜோடிக்கு வாந்தி என்று அவளும் சலூனைப் பார்த்ததில்லை.

"வேணும்னா வேற யார்கூடயாவது மாத்திக்கோ. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்றாள் இவள்.

"சும்மா இருங்க அண்ணி. உங்கள விட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா அண்ணன் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு."

கடைசி நாள் காலை. பாதிப் பேர் காலையில் சலூனுக்கு, டாக்டரோடு மீதிப் பேர் மத்தியானம் என்று ஏற்பாடு; இவர்கள் காலைக் குழு. இறங்குவதற்கு முன் இருவர் முள்ளையும் பார்த்துக்கொண்டார்கள். இரண்டும் இருநூறு. இவளுக்கு இருந்த படபடப்பில் இடுப்புக் கொக்கியை மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். நாத்தனார் முதுகில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

தண்ணீருக்குள் போனதும் நாலு, எட்டு. நாலு, எட்டு. பாறைச் சுவர் ஓரமாக மஞ்சள் மீன் கூட்டம் ஒன்று முகத்தின்மேல் வந்து மோதுகிற மாதிரி வந்து பிரிந்து போனது. போகட்டும் என்று விட்டாள். பத்தாவது நிமிடம் முள் நூற்றறுபத்தைந்தில் இருந்தது. பதினெட்டாவது நிமிடம், போன வருடம் மானம் போன அதே நிமிடம், நூற்று முப்பத்தேழு. வாயில் குழாய் இல்லாவிட்டால் கத்தியிருப்பாள். சந்தோஷத்தில் மூச்சு எகிறப் பார்த்தது. அடக்கினாள். இருபத்தைந்தாவது நிமிடம் பாறை மேடு கண்ணில் பட்டது. முன்னால் போன ஜோடிகள் அதைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தார்கள், எல்லோரும் ஒரே பக்கம் கையை நீட்டிக்கொண்டு. இன்னும் ஒரு பஸ் ஸ்டாப் தூரம்கூட இல்லை.

அப்போது தோளை ஒரு கை பிடித்தது. நாத்தனார், கட்டை விரலை மேலே காட்டிக்கொண்டு.

இவள் தன் முள்ளைப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு. அவள் முள்ளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். எழுபது. எப்படி என்று ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் அவள் முதுகில் தொங்கிய சிலிண்டர் கண்ணில் பட்டது. சின்னப் பிள்ளைகளுக்கென்று படகில் வைத்திருக்கும் குட்டி சிலிண்டர்.

புரிந்துவிட்டது. அண்ணி எப்படியும் பாதி வழியில் மேலே இழுத்துக்கொண்டு வரப்போகிறாள், பெரிசை எதற்கு முதுகில் சுமக்கவேண்டும்? மருந்துக் கடைக்காரியின் மூளை.

கையை உதறிவிட்டுத் தனியாகப் போய்விடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது, பொய் சொல்வானேன். ஆனால் நான்கு வருடம் அவள் விரலைக் காட்டியபோதெல்லாம் ஒருத்தர்கூட அவளைத் தனியே விட்டுவிட்டுப் போனதில்லை. அவளும் கட்டை விரலைக் காட்டினாள். சலூனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருவரும் ஏறினார்கள்.

படகில் டாக்டர் பேனாவும் அட்டையுமாக நின்றிருந்தார்.

"டிரைவரம்மா, இருபத்தாறு நிமிஷம். போன தடவைக்கு இது எவ்வளவோ தேவல" என்று சொல்லிக்கொண்டே, காற்று தீர்ந்தவர் என்று அவள் பெயரை எழுத ஆரம்பித்தார்.

அவள் குனிந்து துடுப்புக் காலணியைக் கழற்றினாள். சொல்லலாம்தான். அத்தனை பேர் முன்னால் நாத்தனாரைக் காட்டிக் கொடுக்க வாய் வரவில்லை.

"தப்பா எழுதாதீங்க டாக்டர்" என்றாள் நாத்தனார். "காத்து தீர்ந்தது எனக்கு. அண்ணிகிட்ட நூறுக்கு மேல இருக்கு. அவங்களால அவ்வளவு தூரம் வரமுடியாதுன்னு நானா முடிவு பண்ணி, குட்டி சிலிண்டர எடுத்துக்கிட்டேன்."

டாக்டர் குனிந்து டிரைவரம்மாவின் முள்ளைப் பார்த்தார். நம்பாமல் விரலால் தட்டியும் பார்த்தார். முள் அசையவில்லை.

"மத்தியானக் குழுவுல உங்களுக்கு ஜோடி இல்லையே. அண்ணியக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் நாத்தனார்.

"ஒரு ஆளுக்கு ஒரு தடவைதானே சலூன்?" என்று யாரோ சட்டம் பேசினார்கள்.

"உள்ள போனாத்தான் தடவை. இவங்க வாசலோட திரும்பிட்டாங்க" என்றார் டாக்டர். எழுதியதை அடித்துவிட்டு, அவரே போய் ஒரு பெரிய சிலிண்டரைத் தூக்கி வந்து அவள் பக்கத்தில் வைத்தார். "நிறைய தண்ணி குடிங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க. ரெண்டரை மணிக்கு இறங்கறோம்."

"அப்ப நீ?" என்று இவள் நாத்தனாரைக் கேட்டாள்.

"நான் பண்ணின காரியத்துக்கு என்னை என்ன கேக்கறீங்க? நீங்க போங்க அண்ணி."

வேண்டாம்மா, நீ போ என்று ஒரு மரியாதைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கே அவள் சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

மத்தியானம் டாக்டரும் அவளும் சலூனுக்குப் போய்ச் சேர்ந்தபோது முள் நூற்றுப் பதினைந்தில் இருந்தது. மணலில் முட்டி போட்டுப் பாறையைப் பார்த்தார்கள். ஒன்றையும் காணோம். குட்டி மீன்கள்தான் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அடக் கடவுளே, இவ்வளவு பாடும் இதற்குத்தானா என்று நினைத்தாள்.

தலைக்கு மேலே வெளிச்சம் அணைந்தது. நிமிர்ந்தாள். வெள்ளை வயிறு. அது போய்க்கொண்டே இருந்தது, போய்க்கொண்டே இருந்தது, முடியவே இல்லை. இறக்கை ஒரு தடவை அசைந்ததில் இருவரும் ஆடிப்போனார்கள். பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று, வரிசை தவறாமல். அவளுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. நாலு எட்டெல்லாம் காற்றில் போயிற்று. குழாய்க்குள் ஓவென்று கத்தினாள். குமிழிகள் பொங்கிக்கொண்டு மேலே ஓடின.

பக்கத்தில் டாக்டர் அவள் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். அப்புறம் எத்தனை வந்தன, முள் எங்கே நின்றது, எதையும் அவள் பார்க்கவில்லை. டாக்டர்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.