அத்தானின் அட்டவணையில் ஒரு பாட்டு

என் அக்கா வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. டிப்போ தப்பித்தது, நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

கோடை தொடங்கி, வெயில் இன்னும் முகத்தில் அறையாத அந்த இரண்டு மூன்று வாரங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட எங்களைச் சும்மா விடமாட்டார். ஏரி, பூங்கா, மிருகக்காட்சி சாலை. எங்கே போனாலும் கையில் அட்டவணை இருக்கும். போன வாரம் ஒட்டகச்சிவிங்கிக்கு ஏழு நிமிஷம், குரங்குக்கு நாலு.

"குரங்குக்கு ஏன் அத்தான் கம்மி?" என்று கேட்டேன்.

"வீட்டுலயே பார்க்கறமே, பத்தாதா?" என்றார், என் பேரப்பிள்ளைகளைப் பார்த்து. அவருடைய தம்பிகள் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் தும்மினாலும் சிரிப்பார்கள்.

இந்த ஞாயிறு அக்காவுக்கும் அத்தானுக்கும் நாற்பதாவது கல்யாண நாள். ஏரிக்கரைப் புல்வெளியில் முப்பது பேர், சாப்பாடு, கேக், படகு, நேரடி இசை. பாடுகிற பெண் ஒருத்தி, வயலின், கீபோர்டு, டிரம்ஸ் என்று நாலு பேர் வந்திருந்தார்கள். அக்கா நாற்பது வருஷத்தில் அவரிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஒரு வாரம் முன்னால், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது.

"எனக்குப் பிடிச்ச அந்தப் பாட்டை முழுசா பாடச் சொல்லுங்க. அது போதும்."

"முழுசான்னா எவ்ளோ நேரம்?"

"ஆறு நிமிஷம்."

"ஆறா! ஆறு நிமிஷத்துல பஸ் ரெண்டு ஸ்டாப் தாண்டிடும்டி."

"பாட்டு எங்கயும் போக வேணாங்க. நான் உக்காந்து கேக்கணும், அவ்ளோதான்."

"சரி சரி, போட்டுக்கறேன்" என்று அட்டவணையில் எழுதினார். எத்தனை நிமிஷம் என்று காட்டவில்லை.

அன்றைக்கு இசைக்காரர்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஒரு பல்லவி முடிவதற்குள் அத்தான் கையைத் தூக்குவார், வாத்தியங்கள் அடங்கும், மைக்கில் அறிவிப்பு வரும். "என் பெரிய தம்பி குடும்பம் வந்தாச்சு." கைதட்டல். மறுபடி பாட்டு. மறுபடி கை. "செருப்பை வரிசையா விடுங்க." வயலின்காரர் கடைசியில் வில்லை மடியில் வைத்துக்கொண்டு அத்தானின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னலில் நிற்கிற டிரைவர் மாதிரி.

நாலரைக்கு அக்காவின் பாட்டு. அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பாடகி நன்றாகத்தான் பாடினாள். முதல் சரணம் முடிந்து வயலின் தனியாகக் கிளம்பியபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அத்தான் கையைத் தூக்கினார்.

"நாலு முப்பத்து மூணு. எல்லாரும் படித்துறைக்கு வாங்க. குரூப் போட்டோ."

முப்பது பேரும் எழுந்தார்கள். பொய் சொல்வானேன், நானும் பாதி எழுந்துவிட்டேன். கேவலம், பழக்கம்!

"எழுந்திரு, எழுந்திரு" என்றார் அக்காவிடம்.

"பாட்டு முடியலையே."

"பாதி கேட்டாச்சில்ல? மீதிய போன்ல கேட்டுக்கலாம்."

அக்கா எழுந்தாள். படித்துறைக்குப் போகவில்லை, பாடகியிடம் போனாள்.

"பாதியில இருந்து வேணாம்மா. மொதல்ல இருந்து பாடு."

பாடகி அத்தானைப் பார்த்தாள். "சாரு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"சாருக்கு மட்டுமா கல்யாண நாள்? எனக்கும்தான். பாடு."

அத்தானுக்கு முகம் சுருங்கியது. ஆனால் அவர் கடிகாரத்தைத்தான் பார்த்தார், அக்காவை அல்ல. "அண்ணி பிடிவாதம் புடிக்கறாங்கண்ணே" என்றான் சின்னத் தம்பி. "அவளுக்காக வண்டி நிக்காது" என்று சொல்லிவிட்டு அத்தான் படியிறங்கினார். பின்னாலேயே மொத்தக் குடும்பமும் போயிற்று. அக்கா வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. கீழே போட்டோக்காரரின் குரல் கேட்டது.

"சார், அம்மா இல்லாம எப்படி சார்? கல்யாண நாள் போட்டோ ஆச்சே."

"பக்கத்துல ஒரு ஆள் இடம் விட்டு எடுங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல அவளை ஒட்டிக்கலாம். நாலே முக்காலுக்குப் படகு."

எடுத்தார்கள். கல்யாண நாள் கொண்டாடுகிற மனுஷன், பெண்டாட்டி நிற்க வேண்டிய இடத்தில் வெறும் காற்றை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டினார். தம்பிகள் இருவரும் காற்றை இடித்துவிடாமல் மரியாதையாகத் தள்ளி நின்றார்கள். இந்த அறிவை எங்கே போய்ச் சொல்ல!

இந்த முறை வயலினை நிறுத்த ஆள் இல்லை. அது போகவேண்டிய தூரம் போய்த் திரும்பி வந்தது. இரண்டாம் சரணமும் வந்தது. அப்படி ஒன்று அதில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பாட்டு முடிந்ததும் கைதட்டக்கூடத் தோன்றாமல் அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கரையில் அத்தான் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார். "படகு கிளம்புது! ரெண்டு நிமிஷம்தான்!"

அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அடுத்தது எவ்ளோ நேரம்மா?" என்று பாடகியிடம் கேட்டாள்.

"அது கொஞ்சம் பெருசும்மா. எட்டு நிமிஷம் வரும்."

"பாடு."