இரண்டாம் பக்கம்

பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் படிவங்களைச் சரிபார்ப்பது என் வேலை. அன்று ஒரு மாணவியின் படிவத்தைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதல் பக்கத்தில் 'விரும்பும் பாடங்கள்': இயற்பியல், வேதியியல், உயிரியல். அப்பாவின் அழுத்தமான கையெழுத்து. விருப்பமாம்! இரண்டாம் பக்கத்தில் 'கூடுதல் உதவி தேவைப்படும் பாடங்கள்': அதே மூன்று. மகளின் பொடி எழுத்து.

இருவரையும் வரவழைத்து, பக்கங்களை அருகருகே வைத்தேன்.

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. "ஏம்மா, வீட்டுலயே வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"எங்கேப்பா சொல்றது? முதல் பக்கத்த நீங்களே நிரப்பிட்டீங்க. எனக்கு மிஞ்சினது ரெண்டாவது பக்கம்தான்."

புதுப் படிவம் ஒன்றை மேசையில் வைத்தேன். பழக்கதோஷம், அப்பாவின் கை சட்டைப்பையிலிருந்த பேனாவுக்குப் போனது. அதற்குள் அவள் தன் பேனாவைத் திறந்திருந்தாள்.