பால் பொங்கிய பதிவு

கணவரின் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகள் இருக்கும் என்றுதான் கல்யாணமான புதிதில் அவள் நினைத்திருந்தாள். போய்ப் பார்த்தால் ஒரு கூடைப்பந்து வளையம், இரண்டு கேமரா, தரையில் ஒட்டிய மஞ்சள் நாடா. அவருடைய துறை விளையாட்டு உளவியல். நன்றாகப் பழகிய கை, நாலு பேர் பார்க்கும்போது ஏன் சொதப்புகிறது என்ற ஒரே கேள்வியைப் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"படி இறங்கும்போது எந்தக் கால் முதல்ல போகுதுன்னு யோசிச்சுப் பாரு, உருண்டுடுவே" என்பார். ஒருநாள் அவள் யோசித்துப் பார்த்தாள். உருளவில்லை, ஆனால் நாலாவது படியில் தடுமாறித் துணிக்கூடையைக் கீழே போட்டாள். "பாத்தியா! பாத்தியா!" என்று குதித்தவர், துணியைப் பொறுக்கித் தரவேண்டும் என்பதையே மறந்துபோனார்.

அந்த வருடம் கேள்வி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அவருடைய தங்கை கூடைப்பந்து ஆடுபவள். வீட்டில் எல்லோரும் அவளை 'நெட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். இறுதியாட்டத்தின் கடைசி நிமிடத்தில், கோட்டில் தனியாக நின்று வீசும் இரண்டு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கோட்டில் நின்றாலே கை மரத்துப்போகும். சனிக்கிழமை அணித் தேர்வு. பத்துக்கு ஏழு போட்டால் அணியில் இருக்கலாம். இல்லாவிட்டால் வெளியே.

அவர் தங்கையை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். வீசுவதற்கு முன் ஹெட்போனில் கேட்கவேண்டிய வாசகங்களை மனைவிதான் சமையலறையில் உட்கார்ந்து பதிவு செய்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய குரல், அட்சரம் பிசகாது. "மணிக்கட்டைக் கவனியுங்கள்" என்றது ஒரு பதிவு. பத்துக்கு மூன்று. "வளையத்தின் பின் விளிம்பைப் பாருங்கள்" என்றது இன்னொன்று. நாலு.

"அண்ணி, உங்க குரலைக் கேட்டா பரீட்சை ஹால்ல உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றாள் நெட்டை. சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை அவசரத்தில் அவர் தப்பான பதிவைப் போட்டுவிட்டார். இன்னும் வெட்டிச் சுத்தம் செய்யாத பதிவு. பந்தும் கையுமாக நின்ற நெட்டையின் காதில் விழுந்தது இதுதான்:

"வளையத்தின் பின் விளிம்பைப்... ஏங்க! பால் பொங்குது! அடுப்பை அணைங்க!"

"இதோ வந்துட்டேன்."

"ஐயோ, போச்சு! இதோ வந்துட்டாராம்!"

நெட்டை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்காமலே வீசினாள். விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அண்ணன் அதே பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டார். பத்துக்கு ஒன்பது.

"மனசுக்குள்ள இருந்து கையைக் கண்காணிச்சுட்டிருந்த மேஸ்திரி சிரிக்கப் போயிட்டான். கை பாட்டுக்கு அது வேலையைப் பாத்துடுச்சு" என்று அன்று சாப்பாட்டு நேரம் முழுக்க அவருக்கு இதே பேச்சு.

சனிக்கிழமை அரங்கத்தில் ஹெட்போனுக்கு அனுமதி இல்லை. முதல் மூன்று வீச்சும் வெளியே போயின. இனி ஏழும் விழுந்தாக வேண்டும். நெட்டை தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏதாவது பண்ணுங்களேன்" என்றாள் அண்ணி, பார்வையாளர் வரிசையில் பக்கத்தில் இருந்த கணவரிடம்.

"நான் ஆய்வாளன். நடுவுல புகுந்தா முறையில்லை" என்று நகத்தைக் கடித்தார் அவர்.

அவளுக்கு எந்த முறையும் தடையில்லை. பாடம் நடத்துகிற தொண்டையோடு எழுந்து நின்றாள்.

"ஏங்க! பால் பொங்குது!"

அரங்கமே திரும்பியது. பின்வரிசையில் ஒரு மனிதர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பதறி எழுந்தார். நெட்டையின் தோள் குலுங்கியது. வீசினாள். ஒன்று. இரண்டு. ஏழாவது, கடைசிப் பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, உள்ளே இறங்கியது.

"ஒரு ஆள், ஒரு நாள். இதை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது" என்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் முணுமுணுத்தார், முகம் கொள்ளாச் சிரிப்போடு. பிறகு நாற்பது பேரை வைத்துச் சோதிக்க மனைவியை அந்தப் பால் பேச்சையே ஒழுங்காகப் பேசித் தரச் சொன்னார். அட்சரம் பிசகாமல் பேசித் தந்தாள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"பால் நிஜமா பொங்கணுங்க" என்றாள்.

அவர் போய் நாலு வருடம் ஆகிறது. நெட்டை இப்போது பயிற்சியாளர். அந்தப் பழைய பதிவை அண்ணியின் போனில் ஏற்றித் தந்திருக்கிறாள். காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அவள் சில நாள் அதைப் போட்டுக் கேட்பாள்.

"இதோ வந்துட்டேன்" என்பார் அவர்.

"வந்து கிழிச்சீங்க" என்று சொல்லிவிட்டு, தானே அடுப்பை அணைப்பாள்.